ஊரிடமே கேட்டவர்

தலைவர்னு சொன்னதும் நமக்கு மேடை, மைக், மாலை எல்லாம்தான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் தோளில் மண்வெட்டியோடு நடந்துபோகும் ஒல்லியான தாடிக்காரர் ஒருவர் ஞாபகம் வருவார். அவர்தான் ஆச்சார்ய வினோபா பாவே.

1895 செப்டம்பர் 11-ல் மகாராஷ்டிராவில் ககோதே என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். இயற்பெயர் விநாயக். 1916-ல் பம்பாய்க்குப் பரீட்சை எழுதப் புறப்பட்டவர், வழியில் சூரத்தில் இறங்கிக் காசிக்குப் போய்விட்டார். அதே வருடம் காந்தியடிகளின் ஆசிரமத்தில் சேர்ந்தார். 1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்குக் காந்தி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். பிறகு வேலூர் சிறையில் இருந்தபோது நம்ம தமிழையும் படித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல் வருவதுதான். 1946-ல் பவனார் ஆசிரமத்திலிருந்து பக்கத்துக் கிராமமான சுர்காவுக்குத் தினமும் நடந்துபோய், அங்கே கிடந்த மலத்தை அள்ளிச் சுத்தம் செய்தார். மழை, வெயில் பார்க்கவில்லை. ஒருநாள் ஆற்றில் வெள்ளம். அக்கரைக்குப் போக முடியவில்லை. எதிரே நின்றவரைக் கூப்பிட்டு, துப்புரவுக்காரன் வந்துவிட்டுத் திரும்பிப் போனான் என்று கோயில் சாமியிடம் சொல்லச் சொன்னாராம்! இந்த வேலையை 20 வருடம் செய்யத் தயாராக இருந்தார். ஒரு தலைமுறை மாறினால்தான் பழக்கம் மாறும் என்பது அவர் எண்ணம். 1948-ல் காந்தி மறைந்த பின், அகதிகளுக்கு உதவப் போனதால் அது நின்றது.

1951-ல் தெலுங்கானாவில் நிலத்துக்காகப் பெரிய போராட்டம். கொலைகளும் நடந்தன. அங்கே வினோபா நடந்தே போனார். ஏப்ரல் 18-ந் தேதி போச்சம்பள்ளியில், தாழ்த்தப்பட்ட மக்கள் பிழைப்புக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். அரசாங்கத்துக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் கூடியிருந்த ஊர்க்காரர்களிடமே, நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டார். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் பிறந்தது இப்படித்தான்!

அதிலிருந்து 13 வருடங்களுக்கும் மேலாக ஊர் ஊராக நடந்தார். 1956, 57-ல் தமிழ்நாட்டிலும் நடந்தார். 40 லட்சம் ஏக்கருக்கும் மேல் தானமாக வந்தது. 1958-ல் சமூகத் தலைமைக்கான மகசேசே விருது கிடைத்தது. 1982 நவம்பர் 15-ல் பவனாரில் காலமானார். 1983-ல் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

ஒரு உண்மையையும் சொல்லணும். வந்த நிலமெல்லாம் ஏழைகள் கைக்குப் போய்ச் சேரவில்லை. சில இடத்தில் கல்லும் கரம்பும் கொடுத்தார்கள். சில இடத்தில் வழக்கு. அவர் அடுத்த ஊருக்கு நடந்துபோன பிறகு, அந்தந்த ஊரில் பொறுப்பெடுத்து முடிக்க ஆள் வேண்டுமே! ஆள் இருந்த ஊரில் நிலம் பிரிந்தது. இல்லாத ஊரில் காகிதத்தோடு நின்றது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஊரைக் கூட்டிக் கேட்க ஒருவர் வேண்டும், கேட்டதை முடிக்கிற வரைக்கும் கூட நிற்கப் பத்துப் பேர் வேண்டும். நம்ம ஊரில் குழாயடியில் தண்ணி தேங்கினால் மனு எழுதுவோம், சரிதான். கிராம சபையில் எழுந்து கேட்போம், அதுவும் சரிதான். அதோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு மண்வெட்டியும் வேண்டும்.

முதல் மண்வெட்டியை யார் எடுக்கப் போகிறீர்கள், நண்பர்களே?

– 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்