16 பியானோக்களை ஒன்றாக இசைக்க விரும்பியவர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள டிரென்டன் நகரில் 1900ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி பிறந்தவர் ஜார்ஜ் ஆன்டைல். தந்தை காலணிக் கடை நடத்தியவர். சிறு வயதிலேயே பியானோ பழகிய ஜார்ஜ், 1922இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். முரட்டுத்தனமான அவரது இசையைக் கேட்டு அரங்கில் கலகம் வெடிப்பதுண்டு. அதனால் கைத்துப்பாக்கியுடன்தான் மேடையேறுவாராம்!

பாரிஸில் இருந்தபோது தானியங்கிப் பியானோ அவர் மனத்தைக் கவர்ந்தது. மாணவர்களே, யாரும் தொடாமலேயே இசைக்கும் பியானோ அது. உள்ளே துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று, 88 துளைகள் கொண்ட உலோகச் சட்டத்தின் மேல் மெல்ல நகரும். காகிதத்தின் துளையும் சட்டத்தின் துளையும் சேரும் இடத்தில் காற்று உள்ளே புகும். உடனே அந்தத் துளைக்குரிய சிறு துருத்தி சுருங்கும். சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். இன்றைய கணினி நிரல் செய்யும் வேலையை அன்று காகிதத் துளைகள் செய்தன என்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட 16 பியானோக்கள், மின்மணிகள், சைரன், விமான உந்துவிசிறிகள் ஆகியவற்றுக்காக 'பாலே மெக்கானிக்' என்ற படைப்பை அவர் எழுதினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு பியானோவும் காற்றால் ஓடுவது. எல்லாவற்றையும் ஒரே நொடியில் தொடங்கினாலும் சிறிது நேரத்தில் ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். அவற்றை ஒன்றாக ஓட வைக்க அன்று வழியில்லை. 1926இல் பாரிஸில் ஒரே ஒரு தானியங்கிப் பியானோவுடன் படைப்பு அரங்கேறியது. மறு ஆண்டு நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் விசிறிக் காற்று ரசிகர்களைத் தடுமாற வைத்தது. சைரன் தாமதமாக ஊளையிட்டது. அரங்கமே சிரித்தது. அந்தத் தோல்வியிலிருந்து அவர் பெயர் மீள நெடுங்காலம் ஆனது.

பிறகு ஹாலிவுட்டில் திரைப்படங்களுக்கு இசையமைத்துப் பிழைத்தார். 1940 ஜூனில், அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய அவருடைய தம்பி ஹென்றி சென்ற பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதே ஆண்டு நடிகை ஹெடி லமாரின் அறிமுகம் கிடைத்தது. கடலுக்கடியில் பாயும் டார்பிடோவை வானொலி அலையால் இயக்கினால் எதிரி அந்த அலையைக் குலைத்துவிடலாம். அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால்? கப்பலும் டார்பிடோவும் ஒரே நேரத்தில் மாற வேண்டுமே! இருவரும் கண்ட விடை, இரண்டிலும் ஒரே மாதிரியான துளைச் சுருள்கள். அலைவரிசைகளின் எண்ணிக்கையும் பியானோவைப் போலவே 88.

1942 ஆகஸ்ட் 11ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. கடற்படை அன்று அதைப் பயன்படுத்தவில்லை. இன்றைய புளூடூத்தும் அலைவரிசை மாற்றும் முறையில்தான் இயங்குகிறது. ஆனால் புளூடூத்தையே இவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் சொல்வது மிகை.

1959 பிப்ரவரி 12ஆம் தேதி மாரடைப்பால் ஆன்டைல் காலமானார். காப்புரிமையும் அதே ஆண்டு காலாவதியானது.

இப்போது பழைய தானியங்கிப் பியானோக்களைப் புதுப்பிப்போர், கிழிந்த துருத்திகளுக்குப் புதுத் துணி ஒட்டுகிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், காகிதச் சுருளுக்குப் பதிலாக ஒவ்வொரு காற்றுக் குழாயிலும் சிறிய மின்காந்த வால்வைப் பொருத்துகிறார்கள். கணினி அனுப்பும் குறிப்பில் வால்வு திறக்கும். மற்ற வேலையைப் பழைய துருத்தியே பார்த்துக்கொள்ளும். முழுக்க மின்காந்தத்தால் இயங்கும் புதிய பியானோக்களும் வந்துவிட்டன.

அத்தகைய 16 பியானோக்களைக் கணினியுடன் இணைத்து, 1999இல் அமெரிக்காவின் லோவல் நகரில் 'பாலே மெக்கானிக்' இசைக்கப்பட்டது. ஆன்டைல் மறைந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. 16 பியானோக்களும் ஒன்றுக்கொன்று பிசகவில்லை.