ஜோன் சார்ன்லி

சர் ஜோன் சார்ன்லி (ஆகஸ்ட் 29, 1911 - ஆகஸ்ட் 5, 1982) இங்கிலாந்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆவார். முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். பொருத்திய செயற்கை மூட்டில் கிருமி தொற்றாமல் காக்கும் முறைகளிலும் இவரது பங்களிப்பு முதன்மையானது.

வாழ்க்கை

சார்ன்லி லங்காசயரிலுள்ள பரி நகரில் பிறந்தார். தந்தை மருந்தாளர், தாய் செவிலியர். மான்செஸ்டரில் பயின்று 1935ல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். போருக்குப் பின்னர், எலும்பு ஒட்டும் விதத்தை அறியத் தன் காலெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி மீண்டும் பதிக்கச் செய்தார். அக்காயத்தில் கிருமி தொற்றி அவதியுற்றார்.

செயற்கை இடுப்பு மூட்டு

அக்காலத்தில் இடுப்பில் பொருத்தப்பட்ட அக்ரிலிக் உருண்டைகள் சிலருக்கு நடக்கையில் கிறீச்சிட்டன. இவ்வொலியே சார்ன்லியை மூட்டு உராய்வு பற்றிய ஆய்வுக்கு இட்டுச் சென்றது. சிறிய எஃகு உருண்டை ஒன்று நெகிழிக் கிண்ணத்தினுள் சுழலும் அமைப்பை வடிவமைத்தார். அதை எலும்புடன் பிணைக்கும் அக்ரிலிக் சிமெண்ட் பல் மருத்துவத்திலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியின் டென்னிஸ் ஸ்மித் இதில் அவருக்கு உதவினார்.

முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவையும் கெடுத்தன. சுமார் 300 நோயாளிகள் பாதிக்கப்பட்டனர். சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. மீள் அறுவைகளைத் தாமே செய்ததோடு, டெஃப்லான் துகள்களைத் தன் தொடையிலேயே செலுத்தி விளைவைக் கண்டறிந்தார். பாலியெத்திலீனை முதலில் அவர் பொருட்படுத்தவில்லை. அவர் வெளியூர் சென்றிருந்தபோது தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் அதைச் சோதனைப் பொறியில் ஏற்றினார். அது மிகக் குறைவாகவே தேய்ந்தது. 1962 நவம்பரில் அது நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

நோய்த்தொற்றுத் தடுப்பு

ரைட்டிங்டன் மருத்துவமனையில் தொடக்கத்தில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு மூட்டில் சீழ் பிடித்தது. கிருமிகள் அறுவை அரங்கின் காற்று வழியே விழுகின்றன எனக் கருதிய சார்ன்லி, ஹோவர்த் என்ற பொறியாளரின் துணையுடன் வடிகட்டிய காற்று பாயும் கூடாரம் ஒன்றை அமைத்தார். மருத்துவரின் மூச்சுக்காற்றை வெளியே உறிஞ்சும் உடையையும் உருவாக்கினார். தடுப்பு மருந்தை நம்பியிராமலேயே, பத்தாண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பலர் இதை நம்பத் தயங்கினர். 8000க்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வு ஒன்று, தூய காற்று தொற்றைப் பாதியாகக் குறைப்பதை 1982 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த மாதம் அவர் காலமானார். 1977ல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டிருந்தது.

பல் சிகிச்சையும் செயற்கை மூட்டும்

பல் பிடுங்கும்போது வாய்க்கிருமிகள் சில நிமிடங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவை செயற்கை மூட்டில் சென்று தங்கலாம் என்ற அச்சத்தால், அமெரிக்காவில் பல் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்கும் வழக்கம் பரவியது. பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாக 2 கிராம் அமாக்சிசிலின் தரப்பட்டது. ஆனால் பல் துலக்கும்போதும் உணவை மெல்லும்போதும்கூட இவ்வாறு கிருமிகள் கலக்கின்றன. மேலும் மூட்டுகளில் காணப்படுபவை பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கசு வகைகளே. பல் சிகிச்சைக்கும் மூட்டுத் தொற்றுக்கும் தொடர்பில்லை என 2010ல் மேயோ மருத்துவமனை ஆய்வு காட்டியது. பொதுவாக இம்மருந்து தேவையில்லை என 2015ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அறிவுறுத்தியது. தேவையின்றி உண்ணும் மருந்தால் ஒவ்வாமை, வயிற்றுப்போக்கு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஆகிய கேடுகள் உண்டு. செயற்கை இதய வால்வு உடையோருக்கு இவ்விலக்கு பொருந்தாது. ஈறு அல்லது பல்வேர் தொடர்பான சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு இம்மருந்து இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.