மைஹர் அன்னையின் மலையடிவாரத்தில் ஓர் இசைக் குரு!

சரஸ்வதி பூஜை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? புத்தகங்களை அடுக்கி வைப்போம். வீட்டில் வீணையோ, வயலினோ, மிருதங்கமோ இருந்தால் அதையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, அம்பாளின் திருமுன் வைப்போம். மறுநாள் விஜயதசமியன்று, குழந்தைக்கு முதல் பாடம் தொடங்குவோம்.

வீணை ஏந்தியவள் கலைமகள். அவள் அருளும் வித்தை யாருக்குச் சொந்தம்? பரம்பரையாக வாசிக்கிற குடும்பத்துக்கா? சம்பளம் கட்ட முடிந்தவர்களுக்கா? தாயும் தகப்பனும் இல்லாத ஒரு பிள்ளைக்கு அந்த வித்தை கிடைக்க வழி உண்டா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாகத் தந்தவர் உஸ்தாத் அலாவுதீன் கான். சிஷ்யர்கள் அனைவருக்கும் அவர் 'பாபா'. சிதார் மேதை ரவிசங்கரின் குருநாதர் என்று சொன்னால், உங்களுக்குச் சட்டென்று புரியும்.

மாலை விழுந்த மலை

மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது மைஹர். ஊருக்கு அருகே திரிகூட மலை. அதன் உச்சியில், 1063 படிகளுக்கு மேலே கோயில் கொண்டிருக்கிறாள் சாரதா தேவி. சதி தேவியின் கழுத்து மாலை விழுந்த இடம் இது என்பது ஐதீகம். அன்னையைக் குறிக்கும் 'மாயி', மாலையைக் குறிக்கும் 'ஹார்' என்ற இரு சொற்களும் சேர்ந்துதான் மைஹர் ஆயிற்று என்பார்கள்.

ஐந்து வேளைத் தொழுகையைத் தவறவிடாத இஸ்லாமியர் அலாவுதீன் கான். அவரே இந்த சாரதா தேவியின் பரம பக்தர். தம் இசை அத்தனையும் அன்னையின் பிரசாதம் என்று நம்பியவர். அவர் இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த பாதை இருக்கிறதே, அது இந்த 1063 படிகளைவிடக் கடினமானது!

மூடிய கதவுகள்

இன்றைய வங்கதேசத்தில், பிராமன்பாரியா பகுதியைச் சேர்ந்த ஷிப்பூர் கிராமத்தில் பிறந்தவர் அவர். தந்தை சிதார் வாசிப்பார். அண்ணன் ஆப்தாபுதீனும் இசைக் கலைஞர்தான். பள்ளிக்கூடம் போகிறேன் என்று புறப்படும் சிறுவன், ஊர் சிவன் கோயிலில் சாதுக்களின் இசையைக் கேட்டபடி உட்கார்ந்துவிடுவானாம். வீட்டில் கண்டிப்பு அதிகமாகவே, சுமார் பத்து வயதில் ஊரைவிட்டே ஓடிவிட்டான். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, பிறகு கல்கத்தா போய்ச் சேர்ந்தான்.

அங்கே நூலோ கோபால் என்ற மகா வித்வான் கிடைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்வரப் பயிற்சி செய்ய வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என்பது அவர் போட்ட நிபந்தனை. பையன் சம்மதித்தான். ஆனால், ஏழு ஆண்டுகள் முடிந்த நிலையில் குருநாதரை பிளேக் நோய் கொண்டு போய்விட்டது.

மனம் நொறுங்கியவர், பாட்டை விட்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பினார். சுவாமி விவேகானந்தரின் உறவினரான ஹாபு தத்தரிடம் பல வாத்தியங்கள், கோவாவைச் சேர்ந்த லோபோ என்ற பேண்டு மாஸ்டரிடம் மேல்நாட்டு முறையில் வயலின், இன்னொரு ஆசிரியரிடம் ஷெனாய்... இப்படிக் கிடைத்த இடத்திலெல்லாம் கற்றுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் சரோத் இசையைக் கேட்டார். தோல் போர்த்த குடமும், மெட்டுகளே இல்லாத வழவழப்பான உலோகப் பலகையும் கொண்ட தந்தி வாத்தியம் அது. இனி இதுதான் என் வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டார்.

இசையில் உச்சம் தொட்ட குரு, ராம்பூர் சமஸ்தானத்தின் வசீர் கான். தான்சேனின் வம்சாவளியில் வந்தவர். அவர் வீட்டு வாசலில் இருந்த காவலர்கள் இந்த ஏழை இளைஞரை உள்ளே விடவே இல்லை. வேறு வழி தெரியாமல், ராம்பூர் நவாபின் மோட்டார் காருக்குக் குறுக்கே விழுந்துவிட்டாராம்! விவரம் கேட்டு இரங்கிய நவாபே அவரை வசீர் கானிடம் சேர்த்துவிட்டார்.

சேர்ந்த பிறகாவது பாடம் கிடைத்ததா? இரண்டரை ஆண்டுகள் ஒன்றுமே சொல்லித் தரவில்லை! ஊரில் விட்டு வந்த இளம் மனைவி துயரம் தாளாமல் உயிரை விடத் துணிந்தாள் என்ற செய்தி வந்த பிறகே குருவின் மனம் கரைந்தது என்பார்கள். அதன்பின் கற்றுத் தந்தபோதும், பீன் எனப்படும் ருத்ர வீணை எங்கள் வம்சத்துக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவிட்டார் வசீர் கான். அந்த வீணையின் நுட்பங்களைச் சரோத்தில்தான் அலாவுதீன் கான் கற்க முடிந்தது.

இத்தனை கதவுகளைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த ஒருவர், தாம் குருவானதும் என்ன செய்திருப்பார்? நான் பட்ட பாட்டை நீயும் படு என்று சொல்பவர்களும் உண்டு அல்லவா? பாபா என்ன செய்தார் தெரியுமா?

துப்பாக்கிக் குழாயில் ஸப்தஸ்வரம்!

1918-ஆம் ஆண்டு வாக்கில், மைஹர் மகாராஜா பிரிஜ்நாத் சிங் அவரை ஆஸ்தான வித்வானாக அழைத்துக் கொண்டார். மகாராஜாவே அவரிடம் சிஷ்யராகவும் ஆனார். கொள்ளைநோய் குடும்பம் குடும்பமாக உயிர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் பலர் மைஹரில் நிராதரவாக நின்றார்கள்.

அந்தப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையில் கொடுத்தார் பாபா. எழுத்தறியாத குழந்தைகள், வாத்தியத்தைத் தொட்டே பார்த்திராதவர்கள். காதால் கேட்டு, கையால் வாசித்து, மனதில் பதிய வைக்கும் முறையில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். அதுதான் புகழ்பெற்ற 'மைஹர் பேண்டு'! சிதார், சரோத், எஸ்ராஜ் போன்ற நம் வாத்தியங்களோடு வயலின், செல்லோ, ஹார்மோனியம் போன்றவையும் சேர்ந்து ராகங்களை இசைத்தன. இந்தியாவின் முன்னோடி வாத்தியக் குழுக்களில் ஒன்று, நாதியற்ற குழந்தைகளால் உருவானது.

ஓர் அதிசயம் கேளுங்கள். பயனற்றுப் போன துப்பாக்கிக் குழாய்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, வரிசையாக அடுக்கினார் பாபா. நீளமான குழாய் தாழ்ந்த ஸ்வரம் தரும். குட்டையான குழாய் உச்ச ஸ்வரம் தரும். இரண்டு குச்சிகளால் தட்டினால், ஜலதரங்கம் போலக் கணீரென்று ஒலிக்கும். அதற்கு 'நள தரங்கம்' என்று பெயர். உயிரைப் பறித்த இரும்புக் குழாய், அநாதைக் குழந்தையின் கையில் சங்கீதம் பாடியது. சரஸ்வதி கடாட்சம் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

கோபமும் கண்ணீரும்

பாபா சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். துர்வாசர்தான்! ஸ்வரம் பிசகினால் அடி விழும். மகன் அலி அக்பரை மரத்தில் கட்டி வைத்துக்கூட அடித்திருக்கிறார். 1938-இல் குருகுலவாசத்துக்கு வந்த ரவிசங்கர், ஒருமுறை அவருடைய கடும் சொல் தாங்காமல் பெட்டியைக் கட்டிவிட்டார். நல்லவேளை, சமாதானமாகித் தங்கிவிட்டார். பிள்ளை வளர்க்கும் நம்மால் அந்த அடியை ஏற்க முடியாது, ஏற்கவும் வேண்டாம். ஆனால், வித்தைக்கு விலை பேசாதவர் அவர். சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்து, வீட்டில் சோறும் போட்டு வளர்த்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்த இரும்பு மனிதரும் ஓரிடத்தில் உடைந்துபோனார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

மகள் ஜஹானாராவுக்கு ஆசையாக இசை கற்பித்து, கல்யாணம் செய்து அனுப்பினார். புகுந்த வீட்டில் அவளுடைய சங்கீதத்துக்கு இடமில்லை. மனமும் உடலும் நலிந்து தாய்வீடு திரும்பியவள், மறைந்தே போனாள். அந்தத் துக்கத்தில், இளைய மகளுக்கு இசையே வேண்டாம் என்று முடிவெடுத்தார் பாபா. அந்த இளைய மகள் சித்ரா பௌர்ணமி நாளில் பிறந்தவள். அவளுக்கு அன்னபூர்ணா என்று பெயர் சூட்டியவர் மைஹர் மகாராஜா.

ஒருநாள் பாபா வெளியே போயிருந்தார். அண்ணன் சாதகம் செய்துகொண்டிருக்க, விளையாடிக்கொண்டிருந்த சிறுமி அவன் செய்த தவறைத் திருத்தி, சரியாகப் பாடிக் காட்டினாள். திரும்பி வந்த தந்தை பின்னால் நின்று கேட்டுவிட்டார். இதுவரை பாடமே கேளாத பெண்! தாம் வேண்டுமென்றே சாத்தி வைத்த கதவை, சாரதா தேவியே திறந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியதோ என்னவோ... அன்றே மகளை அருகில் அழைத்துப் பாடம் தொடங்கினார். முதலில் சிதார், பிறகு கம்பீரமான சுர்பஹார். பின்னாளில் மேடையை முற்றிலும் துறந்த அன்னபூர்ணா தேவி, 2018-இல் மறையும்வரை குருவாகவே வாழ்ந்தார். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா அவருடைய சிஷ்யர்.

ஒரு குரு, பல வாத்தியங்கள்

ஒரே வாத்தியத்தை எல்லோர் மீதும் சுமத்தவில்லை பாபா. அலி அக்பருக்குச் சரோத், ரவிசங்கருக்கும் நிகில் பானர்ஜிக்கும் சிதார், பன்னாலால் கோஷுக்குப் புல்லாங்குழல். பெண்கள் சரோத் வாசிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், ஷரண் ராணிக்குச் சரோத்!

1955-இல் மைஹரில் இசைக் கல்லூரியையும் நிறுவினார். மகன் அலி அக்பர் அதே வழியில் 1956-இல் கல்கத்தாவிலும், 1967-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இசைக் கல்லூரிகளைத் தொடங்கினார். மலையடிவாரத்தில் ஏற்றிய விளக்கு கடல் கடந்தும் சுடர்விட்டது. 1958-இல் பத்ம பூஷணும், 1971-இல் பத்ம விபூஷணும் பாபாவைத் தேடி வந்தன. 1972 செப்டம்பர் 6 அன்று, தம் அன்னையின் மைஹரிலேயே கண்மூடினார்.

காசி, பிரயாகை யாத்திரை செல்பவர்கள் மைஹரையும் தரிசித்து வரலாம். ஜபல்பூர், பிரயாக்ராஜ் ரயில் பாதையில், கட்னிக்கும் சத்னாவுக்கும் இடையில் இருக்கிறது மைஹர் ரயில் நிலையம். படியேற முடியாதவர்கள் ரோப் காரில் போகலாம். மலையில் அன்னையை வணங்கிவிட்டு, ஊருக்குள் அவளுடைய பிள்ளை வாழ்ந்த 'மதீனா பவன்' வீட்டின் திசை நோக்கியும் கைகூப்புங்கள்.

யாத்திரை போக முடியவில்லையா? பரவாயில்லை. பிள்ளைகள் படித்து முடித்துப் போனபின், உங்கள் வீட்டுப் பரணில் வீணையோ வயலினோ பேசாமல் கிடக்கிறதா? தூசி தட்டி, தந்தி மாற்றி, கற்றுக்கொள்ள ஆசையிருந்தும் வாங்க வசதியில்லாத ஒரு குழந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை மீட்டும் முதல் 'ஸ'வில், மைஹர் அன்னை மனம் குளிர்வாள்!