மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

தமிழ் கற்றோர் எவ்வாறு பிழைப்பர் என்னும் வினாவைத் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட நாம் கேளாத நாளில்லை. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிய பெரியார் ஒருவர் இந்நகரில் வாழ்ந்தார். அவரே திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

1815 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் அவர் பிறந்தார். தமிழாசிரியராகிய தந்தையார் சிதம்பரம் பிள்ளையே அவர்க்கு முதற்குரு. இளமையிலேயே தந்தையாரை இழந்த அவர், பின்னர் மலைக்கோட்டை நகரிற் குடிபுகுந்தார். அச்சிட்ட நூல்கள் அரியவாயிருந்த காலம் அது. ஏடுடையாரை நாடிச் சென்று, அவற்றைப் பெயர்த்தெழுதிக் கற்றார். தண்டியலங்காரம் வல்ல பரதேசி ஒருவர் தெருவிற் பிச்சையேற்றுத் திரியக் கண்டு, அவர்க்குப் பணிவிடை செய்து அந்நூலைப் பாடங்கேட்டார்.

கற்ற கல்வியே அவர்க்குத் தொழிலாயிற்று. திருவரங்கத்திற்கு அண்மையதாகிய திருவானைக்காவின் அம்மைமேல் பிள்ளைத்தமிழ் பாடினார். உறையூர்க்குப் புராணம் இயற்றினார். ஓரூரார் தம் தலத்திற்குப் புராணம் வேண்டுவர். வடமொழியிலுள்ள தல வரலாற்றைத் தமிழ் வசனமாக்கிக்கொண்டு, பிள்ளையவர்கள் அதனைச் செய்யுளாக்குவார். அரங்கேற்றத்தில் ஊரார் பரிசளிப்பர். இவ்வாறு எழுந்த தலபுராணங்கள் இருபதுக்கு மேற்பட்டன. அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். எழுதுவோர் கை ஓயினும் அவர் நா ஓயாது. செய்யுள் இயற்றும் முறையை மாணாக்கர் அங்ஙனமே அருகிருந்து கற்றனர்.

பாட்டுக்குப் பரிசு பெற்ற அவர், பாடத்திற்குப் பொருள் பெற்றிலர். மாணாக்கர்க்கு உணவும் அளித்தார். ஒவ்வொரு பாடத்திற்கும் அலைந்து வருந்திய தம் இளமையை அவர் மறந்திலர் போலும்! அதனால் கடன் அவரை விட்டு நீங்கவில்லை. 1860 ஆம் ஆண்டில் மாயூரத்திற்குச் சென்று, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய பின்னரும் அந்நிலை மாறவில்லை.

சைவராகிய அவர் சமயம் பாராது கற்பித்தார். கிறிஸ்தவராகிய சவராயலு நாயகரும், இஸ்லாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர்பாற் பயின்றனர். கிறிஸ்தவராகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளைமேல் குளத்தூர்க் கோவை பாடினார். 1876 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் நாள் அவர் உயிர் பிரியுங்கால், அவரைத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கரே. அருகிருந்து திருவாசகம் ஓதியவர் உ. வே. சாமிநாதையர்.

அவ்வையரே 1933, 1934 ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியர் சரித்திரத்தை இரு பாகங்களாக உரைநடையில் வெளியிட்டார். பிள்ளையவர்கள் ஈட்டிய செல்வம் எது என்பதற்கு அந்நூலே சான்று. மலைக்கோட்டையை நாடோறும் காணும் நாம், அச்செல்வத்திற்கு உரியராதல் வேண்டாவோ?