வீணை எஸ். பாலசந்தர்

மக்கள் உள்ளத்தே தோன்றி மெய்யின்கண் புலனாகும் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து ஆராய்ந்தார் தொல்காப்பியனார். அவ்வெட்டனுள் அச்சமும் ஒன்றாகும். நகையும் உவகையும் சுவையாதல் யாவர்க்கும் உடன்பாடே. அச்சம் எங்ஙனம் சுவையாகும் என்று வினவுவார் உளர். காட்டிடைப் புலியைக் கண்டவன் உயிர்பிழைத்தோட வழி பார்ப்பானேயன்றி, அதன் உடல்வரியின் அழகைப் பார்த்து நில்லான். ஆயினும் அவனே இளமையில் பாட்டியின் மடியில் தலைவைத்துப் புலிக்கதை கேட்டகாலை, பின்னர் என்னாயிற்று என்று மேலும் மேலும் வினவியிருப்பான். தன் உயிர்க்கு ஊறில்லை என்னும் துணிவும், பிறனொருவன் உயிர் ஊசலாடுகின்றதே என்னும் இரக்கமும் ஒருங்கு கூடுமிடத்தே அச்சம் சுவையாகின்றது. அச்சுவையைத் தமிழ்த் திரையில் ஒரு கலையாக வளர்த்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்பது தொல்காப்பியனார் கொள்கை. பேயும் தெய்வமுமாகிய அணங்கு ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நம்மை ஒறுக்கும் ஆற்றல் படைத்த தலைவர் ஒன்று. மேல்நாட்டுப் படக்காரர் இவற்றுள் முதலிற் பற்றியது பெரும்பாலும் அணங்கையே எனலாம். ஜெர்மனி தேசத்தில் 1920-ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்டர் காலிகாரி பற்றிய படத்தில், கோணல்மாணலான வீடுகளையும் நிழல்களையும் காட்சித் திரைகளிலேயே தீட்டி வைத்து, பித்தனொருவனது மனத்தைப் புறத்தே காட்டினர். 1922-இல் மூர்னா என்பார் நோஸ்ஃபெராட்டு என்ற இரத்தம் குடிக்கும் பேயின் கதையைப் படமாக்கினார். 1931-இல் அமெரிக்காவில் பேலா லுகோசி டிராகுலாவாகவும், போரிஸ் கார்லாஃப் ஃபிராங்கென்ஸ்டைன் படைத்த பூதமாகவும் தோன்றி உலகப் புகழ் எய்தினர். இங்கிலாந்திற் பிறந்த கார்லாஃபின் தந்தையார் நம் இந்திய நாட்டிலே உப்புத் தீர்வை இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பது நம்மனோர்க்கு வியப்பளிக்கும் செய்தியாகும். அப்படங்கள் யாவும் கருமையும் வெண்மையுமே கொண்டவை. வண்ணமின்மை அவற்றிற்குக் குறையாகாமல் துணையாயிற்று. நிழலில் மறைந்த பாதியைக் காண்போர் தம் மனத்தினாலேயே நிரப்பிக் கொண்டு அஞ்சினர்.

நிற்க. தமிழ்நாட்டில் இக்கருமை வெண்மைக் கலையைக் கையாண்டு, பேயும் பூதமுமின்றியே மக்களை நடுங்கச் செய்தவர் வீணை எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் என்னும் மற்றொரு புகழ்பெற்ற இயக்குநரோடு இவரை ஒன்றாக எண்ணி மயங்குவார் மாணவருள்ளும் பலர். இவர் வேறு, அவர் வேறு.

பிறப்பும் இளமையும்

பாலசந்தர் 1927-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் இசையில் பெருங்காதல் உடையவர். இசைப் புலவர் பலர்க்கும் அவர் இல்லம் எந்நேரமும் திறந்திருந்தது. பாபநாசம் சிவன் அக்குடும்பத்திற்கு நெருங்கிய நண்பர். பாலசந்தரின் தமையனார் எஸ். ராஜம் பிற்காலத்தில் இசையிலும் ஓவியத்திலும் ஒருங்கே பெயர் பெற்றார். தமக்கையார் ஜெயலட்சுமியும் பாடவும் நடிக்கவும் வல்லவர்.

1934-ஆம் ஆண்டில் பிரபாத் கம்பெனியார் சீதா கல்யாணம் என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தனர். அதில் ராஜம் இராமனாகவும், ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். உடன்பிறந்தார் இருவர் கணவனும் மனைவியுமாக வேடம் பூண்டமை அந்நாளில் பெரும் பேச்சுக்கு இடமாயிற்று. அப்படத்திலேயே இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக ஏழு வயதுப் பாலசந்தரும் தோன்றினார். இங்ஙனம் இசையும் திரையும் ஒரே நாளில் அவர் கைப்பற்றின என்னலாம்.

ஆசிரியரிடத்து முறையாகப் பயின்று தேர்தலே இசையுலகின் வழக்கம். பாலசந்தரோ அவ்வழக்கிற்குப் புறம்பானவர். கஞ்சிரா, தபேலா, ஹார்மோனியம், தில்ரூபா முதலிய கருவிகளைத் தாமே தொட்டுத் தாமே தெளிந்தார். சதுரங்க ஆட்டத்திலும் இளமையிலேயே தேர்ச்சி மிக்கவர். எதிரியின் அடுத்த நகர்வை முன்னறிந்து காய் வைக்கும் அப்பழக்கம், பின்னாளில் காண்போரின் ஐயத்தை முன்னறிந்து கதை பின்னுதற்குத் துணை நின்றது போலும். இளம் பருவத்திலேயே சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராக அமர்ந்தார். சிதார் வாசிப்பிலும் புகழ் பெற்றார். எனினும் நம் நாட்டிசையின் நுணுக்கங்களை முற்றும் வெளிப்படுத்த வல்லது வீணையே என்று தேர்ந்து, சிதாரை விடுத்து வீணையைக் கைக்கொண்டார். அதனையும் குருவின்றியே கற்றார்.

திரைத் தொண்டு

1948-ஆம் ஆண்டு வெளிவந்த இது நிஜமா என்ற படத்தில் அவர் இரட்டை வேடம் ஏற்று நடித்ததோடு இசையும் அமைத்தார். அவ்வாண்டிலேயே என் கணவர் என்ற படத்தை இயக்கினார். 1951-இல் கைதி என்ற படத்தையும் இயக்கினார். ஆயினும் அவர் பெயரை அழியாது நிறுத்தியது 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட அந்த நாள் என்னும் படமேயாகும்.

அப்படத்தின் அருமையை உணர்தற்கு அக்காலத் தமிழ்ப் படங்களின் இயல்பை அறிதல் வேண்டும். பேசும்படம் தோன்றிய நாள் முதலாகப் பாட்டே படத்தின் உயிர் எனக் கருதப்பட்டது. ஒரு படத்தில் பத்துக்கணக்கான பாடல்கள் இருந்தன. ஊர்ப்புறத்து டூரிங் கொட்டகைகளில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த மக்கள், பாட்டிற்காகவே மீண்டும் மீண்டும் வந்தனர். அந்நிலையில், பாட்டு ஒன்றுமில்லை, நடனமில்லை, சண்டைக் காட்சியுமில்லை என்று ஒரு படத்தை எடுக்கத் துணிந்தவர் யார்? இசையறியாதவரா? அல்லர். இசையிலேயே பிறந்து இசையிலேயே வளர்ந்தவர். பாட்டின் வலிமையை நன்கறிந்தவராதலின், அது கதையின் இறுக்கத்தை எவ்வாறு தளர்த்திவிடும் என்பதனையும் அவர் நன்கறிந்திருந்தார்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ராஷோமான் என்னும் படம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு உரைக்கும் அமைப்பு அதனுடையது. அவ்வமைப்பைத் தழுவி, முற்றும் தமிழ்நாட்டுச் சூழலில் தம் கதையைப் பாலசந்தர் நிறுவினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது வரலாற்றுச் செய்தி. அதற்கு அடுத்த நாள் ரேடியோ எஞ்சினீயர் ஒருவர் தம் இல்லத்தில் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அயல் வீட்டார், காதற் கிழத்தி ஆகிய ஒவ்வொருவரும் ஐயத்திற்கு உரியராகின்றனர். ஒருவர் சொல்வதைக் கேட்குங்கால் மற்றவரே கொலையாளி என்று தோன்றுகின்றது. அம்மற்றவர் வாய் திறந்தபின் அத்துணிவு கலைகின்றது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் ஜாவர் சீதாராமனும் நடித்த அப்படத்தில் மாருதி ராவின் ஒளிப்பதிவு நிழலையும் ஒரு பாத்திரமாக்கிற்று. கொன்றவர் யாரென ஈண்டு யாம் கூறப்போவதில்லை. படத்தை இன்னும் காணாத நண்பர்க்கு அத்தீங்கு இழைத்தல் தகாது.

படம் வெளிவந்த காலத்து மக்கள் அதனைப் பெரிதும் வரவேற்றிலர். பாட்டில்லாப் படமா என்று ஏமாந்தவர் பலர். ஆயினும் அரசினர் அதற்குத் தகுதிச் சான்றிதழ் அளித்துச் சிறப்பித்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பெருமை வளர்ந்தது. தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் எவரும் இன்று அதனைக் குறிப்பிடாது விடுவதில்லை.

அச்சத்தின் புது நிலைக்களன்

அதன்பின் அவர் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்தும் வெளியிட்ட படங்கள் குறிக்கத்தக்கவை. 1962-இல் அவனா இவன் வெளிவந்தது. 1964-இல் வெளிவந்த பொம்மையின் கதை எளியது. ஆனால் நெஞ்சை விட்டு நீங்காதது. ஒருவரைக் கொல்லும் பொருட்டுப் பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டு வைக்கப்படுகின்றது. அப்பொம்மை உரியவர் கையினின்றும் தவறி, ஒன்றும் அறியாதார் கைகளுக்கு மாறி மாறிச் செல்கின்றது. உள்ளிருப்பது யாதென்பதைக் காண்போர் அறிவர், ஏந்தியிருப்பவர் அறியார். அச்சம் பிறப்பது அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடைவெளியிலேயேயாம். கே. ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரைக்கு முதன்முதற் பாடியது இப்படத்திற்கே. படத்தின் முடிவில், திரைக்குப் பின்னின்று உழைத்த தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் திரையிற் காட்டி அறிமுகம் செய்தமையும் பாலசந்தரின் நன்றியறிதலைப் புலப்படுத்தும்.

அவர்தம் கடைசிப் படமாகிய நடு இரவில் 1970-ஆம் ஆண்டு வெளிவந்தது. தனித்தீவில் உள்ள மாளிகையொன்றில் உறவினர் பலர் கூடுகின்றனர். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாய்கின்றனர். ஆங்கில நாவலாசிரியை அகதா கிறிஸ்டியின் கதையொன்றைத் தழுவிய இப்படம், எடுத்து முடிந்த பின்னரும் வாங்குவாரின்றிச் சில காலம் முடங்கிக் கிடந்தது. வெளிவந்தபின் அதனைக் கண்டு அஞ்சியவர் நெடுநாள் மறந்திலர்.

இப்படங்களில் ஒன்றிலேனும் பேய் என்பதொன்று மெய்யாக வந்து அச்சுறுத்தவில்லை என்பது கருதத்தக்கது. தொல்காப்பியனார் கூறிய நான்கனுள் பாலசந்தர் பற்றியது கள்வர் என்னும் ஒன்றையே. ஆனால் அக்கள்வரை அவர் காட்டிலும் வழியிலும் வைத்தாரல்லர், வீட்டிற்குள் வைத்தார். உடனுண்பவர், உறவென்று நகைப்பவர், ஒரே கூரையின்கீழ் உறங்குபவர் ஆகியோருள் ஒருவர் நெஞ்சில் பேராசை குடிபுகின், அவரினும் கொடிய பேய் வேறில்லை என்பதே அவர் படங்கள் உணர்த்தும் பொருள். பேயைக் கண்டு அஞ்சியவன் விளக்கேற்றியவுடன் அச்சம் தீர்வான். மனிதனைக் கண்டு அஞ்சியவனோ விளக்கொளியிலும் தன்னைத்தானே ஆராய்தல் வேண்டும். வெறும் பொழுதுபோக்கினின்றும் அவர் படங்களைப் பிரித்துயர்த்துவது இதுவே.

மீண்டும் வீணை

நடு இரவிலுக்குப் பின் அவர் திரையுலகை விடுத்தார். எஞ்சிய இருபது ஆண்டும் வீணைக்கே உரியவாயின. மெட்டொன்றில் விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அவ்வோரிடத்திலேயே பல சுரங்களை எழுப்பும் ஆற்றல் அவர் வாசிப்பின் தனிச்சிறப்பு. 72 மேளகர்த்தா இராகங்களையும் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். அயல்நாடுகளிலும் வீணையின் ஒலியைப் பரப்பினார். இந்திய அரசு 1982-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதளித்து அவரைப் போற்றியது.

அவர் யார்க்கும் வளையாத இயல்பினர், பிணக்குக்கு அஞ்சாதவர். சுவாதித் திருநாள் மன்னரின் பெயரால் வழங்கும் கீர்த்தனங்களைக் குறித்து அவர் எழுப்பிய ஐயம் இசையுலகில் பெரும் பூசலை விளைத்தது. அறிஞர் பலர் அவர் கொள்கையை ஏற்றிலர். ஏற்புடைத்தாயினும் அன்றாயினும், தமக்கு மெய்யெனப் பட்டதைத் தனித்து நின்றும் உரைப்பவர் அவர். பாட்டில்லாப் படம் எடுத்த துணிவும், குருவின்றி வீணை பயின்ற துணிவும், இப்பூசலிற் புகுந்த துணிவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. அத்துணிவு அவர்க்குப் புகழையும் தந்தது, பகையையும் தந்தது. ஒன்றை வேண்டி மற்றதனை விலக்க அவர் விரும்பினாரல்லர்.

1990-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது, தம் அறுபத்து மூன்றாம் வயதில் பாலசந்தர் உயிர் நீத்தார். அந்த நாள் வெளிவந்து அன்றோடு முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்திருந்தன.

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்ற காலத்தே, அசையும் படம் ஒரு வேடிக்கையாகவே இருந்தது. அவ்வேடிக்கை ஐம்பது ஆண்டுகளுக்குள் மனித நெஞ்சின் இருளை ஆராயும் கலையாக உயர்ந்தது. அங்ஙனம் உயர்த்தியவருள் பாலசந்தர்க்கு ஓர் இடம் உண்டு. விடுமுறை இரவொன்றில் நண்பர்காள், விளக்கை அணைத்து அந்த நாளைப் பாருங்கள். பாட்டொன்றும் இல்லையே என்னும் எண்ணமே உங்கட்கு எழாதாயின், அதுவே அக்கலைஞர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

— தமிழ் ஆனர்ஸ் மாணவன், வையம்பட்டி