வில்லியம் கேரி
வில்லியம் கேரி (ஆகஸ்ட் 17, 1761 - ஜூன் 9, 1834) இங்கிலாந்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் மறைப்பணியாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். வங்காளத்தில் செராம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பல இந்திய மொழிகளில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். தொடர்ந்து நேர்ந்த இழப்புகளுக்கிடையே கிறிஸ்தவ நம்பிக்கையின் துணையுடன் விடாமுயற்சியோடு உழைத்தவராக இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமை

நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். காலணி தைக்கும் தொழிலைக் கற்றார். தொழிலுக்கிடையே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தாமாகவே பயின்றார். 1781 இல் டொரத்தியை மணந்தார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் திருச்சபைப் போதகராகவும் பணியாற்றினார். 1792 இல், மறைப்பணி கிறிஸ்தவர்களின் கடமை என வலியுறுத்தும் நூலொன்றை வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் கெட்டரிங் நகரில் பாப்டிஸ்ட் மறைப்பணிச் சங்கம் தொடங்கப்பட்டது.

வங்காளத்தில் முதல் ஆண்டுகள்

1793 நவம்பரில் குடும்பத்துடன் கல்கத்தாவை அடைந்தார். கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்சிப்பகுதியில் மறைப்பணியை விரும்பவில்லை. கையில் பணமும் இல்லாததால், 1794 இல் மால்டா பகுதியில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளரானார். அவ்வாண்டே அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயால் இறந்தான். இங்கிலாந்தை விட்டு வர முதலில் மறுத்திருந்த டொரத்தி மனநோய்க்கு ஆளாகி, 1807 இல் இறக்கும்வரை நலமடையவில்லை. கேரியின் பணிக்கு அவருடைய குடும்பம் கொடுத்த விலையாகப் பிற்கால ஆய்வாளர்கள் இதனைச் சுட்டுகின்றனர்.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உழைத்தும் இந்தியர் ஒருவரும் திருமுழுக்குப் பெறவில்லை. எனினும் ராம்ராம் பாசுவின் துணையுடன் வங்காள மொழியைக் கற்று, மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார்.

செராம்பூர்

1800 ஜனவரியில் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோருடன் இணைந்து அச்சகம் நிறுவினார். அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று தச்சரான கிருஷ்ண பால் திருமுழுக்குப் பெற்றார். 1801 இல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவ்வாண்டே கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காள ஆசிரியரானார். தம் ஊதியத்தின் பெரும்பகுதியை மறைப்பணிக்கே அளித்தார்.

1812 தீ விபத்து

1812 மார்ச் 11 இரவு அச்சகம் தீக்கிரையானது. அப்போது கேரி கல்கத்தாவில் இருந்தார். அச்செழுத்துகளும் காகிதமும் அழிந்தன. பல்லாண்டு உழைப்பில் உருவான பன்மொழி அகராதி, இலக்கணங்கள், மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றின் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. அடுத்து வந்த ஞாயிறன்று கேரி 46 ஆம் சங்கீதத்தை அடிப்படையாகக் கொண்டு அருளுரை ஆற்றினார். இழப்பைக் கடவுளின் சித்தமாக ஏற்றுக்கொண்டதுடன், முன்பு நடந்த வழியில் மீண்டும் நடப்பது எளிது என்றும் கருதினார்.

அச்சுப் பொறிகளும் எழுத்து வார்க்கும் அச்சுகளும் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தைக் கொண்டே புதிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. சில மாதங்களில் அச்சகம் மீண்டும் இயங்கியது. இச்செய்தி பரவியதும் இங்கிலாந்தில் கிறிஸ்தவர்கள் நிதி திரட்டி இழப்பை ஈடுசெய்தனர்.

பிற்காலம்

வங்காளம், ஒரியா, சமஸ்கிருதம் உள்ளிட்ட சில மொழிகளில் முழு விவிலியமும், வேறு பல மொழிகளில் அதன் பகுதிகளும் செராம்பூரில் வெளிவந்தன. இம்மொழிபெயர்ப்புகளிற் பல பின்னாளில் திருத்தவோ புதிதாகச் செய்யவோ வேண்டியிருந்தன. 1818 இல் செராம்பூர்க் கல்லூரி நிறுவப்பட்டது. டென்மார்க் மன்னர் 1827 இல் பட்டம் வழங்கும் உரிமையை அதற்கு அளித்தார். தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகள் சிலவற்றின் பட்டங்கள் இவ்வுரிமையின் வழிவந்தவை. உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்த 1829 ஆம் ஆண்டு ஆணையை வங்காளத்தில் மொழிபெயர்த்தவரும் கேரியே.

தம் வரலாற்றை எழுத முனைவோர், தம்மிடம் தனித்திறமை எதையும் காணாமல், எடுத்த செயலை விடாது தொடரும் இயல்பை மட்டும் குறிப்பிட்டாற் போதும் என அவர் கருதினார். 1834 இல் செராம்பூரில் காலமான கேரி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.