செருப்புக் கடைக்குப் போன கார்!

குட்டீஸ்! கள்ளக்குறிச்சியில் இருந்து கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? இறங்கி வரும்போது, வளைவுக்கு வளைவு டிரைவர் பிரேக்கை மிதிப்பார். சில நேரம் கருகல் வாடைகூட வரும். பிரேக்கில் ஒட்டியிருக்கும் 'லைனிங்' வந்த கதை தெரியுமா? அதற்குக் காரணம், பெர்த்தா பென்ஸ் என்ற ஓர் அம்மா!

ஜெர்மனியில் போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில், 1849 மே 3ல் பிறந்தார் பெர்த்தா. இன்ஜினியர் கார்ல் பென்சை 1872ல் மணந்தார். திருமணத்துக்கு முன்பே தன் சீர்ப் பணத்தைக் கொடுத்து, அவரது பட்டறையைக் காப்பாற்றினார்.

பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர காருக்கு, 1886ல் காப்புரிமை பெற்றார் கார்ல். ஆனால், குதிரை இல்லாத வண்டியை மக்கள் நம்பவில்லை.

என்ன செய்தார் பெர்த்தா? 1888 ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலை, கணவரிடம் சொல்லாமலே காரைக் கிளப்பினார். கூடவே மகன்கள் யூஜென், 15, ரிச்சர்ட், 13. மான்ஹைமில் இருந்து 100 கி.மீ.,க்கு மேல் தள்ளியிருந்த தாய் வீட்டுக்குப் பயணம்!

வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில், கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினர்.

பெரிய ஆபத்து இறக்கத்தில் காத்திருந்தது. அந்த காரில் பிரேக் என்பது வெறும் மரக்கட்டைதான். உரசி உரசித் தேய்ந்து, பிடி தளர்ந்தது. பிள்ளைகளோடு எப்படி இறங்குவது? பெர்த்தா, செருப்புத் தைப்பவரைத் தேடிப் போய், கட்டை மீது தோலை வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் 'கப்'பென்று பிடித்தது! பிரேக் லைனிங்கின் தொடக்கம் இதுதான் என்பார்கள். இருட்டும் நேரத்தில் ஊர் சேர்ந்து, கணவருக்குத் தந்தி அடித்தார்.

பிரேக் பிடிக்காவிட்டால் ஆபத்து. பிடித்தது விடாவிட்டாலும் தொல்லைதான்! பழைய கார்களில் துரு ஏறினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, காலை எடுத்த பிறகும் லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும். மெக்கானிக், ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார். இறுக்கமாகச் சுற்றினால் டிரம்மைக் கழற்றி, துருவைத் தேய்த்து, ஸ்பிரிங்கை மாற்றி, இடைவெளியைச் சரிசெய்வார்.

திரும்பி வந்த பெர்த்தா, மலையேற இன்னொரு கியர் வேண்டும் என்றார். கார்ல் அதையும் சேர்த்தார். 95 வயதில், 1944 மே 5ல் மறைந்தார் பெர்த்தா. அவர் போன பாதை, 2008 முதல் அவர் பெயரில் நினைவுப் பாதையாக இருக்கிறது.

அடுத்த முறை வெள்ளிமலை பஸ் இறக்கத்தில் மெதுவாக வளையும்போது, அந்தத் துணிச்சல்கார அம்மாவை நினைத்துக்கொள்வீர்கள்தானே!